மலக்குடல் புற்றுநோய்: சிகிச்சை முடிந்தவர் கையில் ஓர் அட்டை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலக்குடல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு, கீமோ, அறுவை எல்லாம் முடித்துக் குமரி மாவட்டத்து ஊர்களுக்குத் திரும்புகிறவர்களின் டிஸ்சார்ஜ் சம்மரியில் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: ‘மூன்று மாதம் கழித்து வரவும்’. அதுவும் ஆங்கிலத்தில் இருக்கும். அந்த மூன்று மாதம் முடியும்போது என்னென்ன பரிசோதனை, அடுத்தது எப்போது, எத்தனை ஆண்டு வரை, என்ன அறிகுறி கண்டால் தேதிக்குக் காத்திராமல் ஓடிவர வேண்டும் என்பதெல்லாம் வாய்வார்த்தையாகவே போய்விடுகின்றன. மருத்துவமனை வாசலைத் தாண்டுவதற்குள் பாதி மறந்துவிடும். இந்த நோய்க்கான தொடர் கவனிப்பில் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில், இதைப் பற்றி விரிவாக எழுத இடம் கேட்கிறோம்.

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் திரும்பி வருமானால், ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேருக்கு முதல் மூன்று ஆண்டுக்குள் வந்துவிடும். ஐந்து ஆண்டு தாண்டிய பிறகு வருவது குறைவு. ஆனால் அந்த முதல் மூன்று ஆண்டில்தான் ஆள் தேறி, உடம்பில் சதை பிடித்து, வேலைக்குப் போகத் தொடங்கியிருப்பார். ‘இப்போ ஒரு குறையும் இல்லை, எதுக்கு அலையணும்’ என்று வீட்டில் தோன்றுவது இயல்பு. கல்லீரலில் அல்லது நுரையீரலில் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு வளர்ந்த கட்டி வலிக்காது, பசியைக் குறைக்காது. அது பேசாமல் இருக்கும் அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால், பலருக்கு அதை வெட்டி எடுக்க முடியும். அதன் பிறகும் நீண்ட காலம் நலமாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். மஞ்சள் காமாலையோடும் மூச்சு முட்டலோடும் வரும்போது அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும்.

இரண்டாம், மூன்றாம் நிலை நோய்க்கு அறுவை முடிந்தவர்களுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கைச் சொல்கிறோம். முதல் இரண்டு ஆண்டு, 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும், கூடவே சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை (இந்தப் புற்றுநோய் இருக்கும்போது பலருக்கு ரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தின் அளவு). பிறகு ஐந்தாம் ஆண்டு முடியும்வரை இரண்டும் 6 மாதத்துக்கு ஒருமுறை. மார்பு, வயிறு, இடுப்புக்கூடு மூன்றுக்கும் சேர்த்து சி.டி. ஸ்கேன் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை. கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியே கேமரா செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பது, அறுவை முடிந்த ஓராண்டில் ஒன்று. குடல் சுத்தமாக இருந்தால் அடுத்தது மூன்று ஆண்டில், அதற்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. நோயின் நிலையையும் ஆளின் உடல்நிலையையும் பார்த்து மருத்துவர் இதைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார். ஒன்றை மட்டும் நோயாளியே நினைவுபடுத்திக் கேட்க வேண்டும். முதன்முதலில் கட்டி குடலை அடைத்திருந்ததால் கேமரா அதைத் தாண்டி உள்ளே போக முடியவில்லையா? அப்படியானால் ஓராண்டு காத்திருக்கக் கூடாது. மீதிக் குடலை 3 முதல் 6 மாதத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அங்கே இரண்டாவதாக ஒரு கட்டி இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

செலவைக் குறைக்க ஊரிலேயே ஒரு வயிற்று ஸ்கேன், அதாவது அல்ட்ராசவுண்ட், எடுத்து ‘நார்மல்’ என்று பார்த்துத் திருப்தி அடைகிறவர்கள் நிறைய. மலக்குடல் விஷயத்தில் இது போதாது. பெருங்குடலிலிருந்து திரும்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகும். மலக்குடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தில் ஒரு பங்கோ கல்லீரலைத் தொடாமல் இதயத்துக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் போகிறது. ஆகவே ஆசனவாய்க்குப் பக்கத்தில் கட்டி இருந்தவர்களுக்குக் கல்லீரல் சுத்தமாக இருக்க, நுரையீரலில் முதலில் வரலாம். அல்ட்ராசவுண்ட் நுரையீரலைக் காட்டாது. இடுப்புக்கூட்டின் ஆழத்தில் அறுவை நடந்த இடத்தையும் அதில் நம்பிப் பார்க்க முடியாது.

சி.இ.ஏ. பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சில நூறு ரூபாயில், ஒரு ஊசிக் குத்தில் முடிகிற பரிசோதனை; தவறாகப் படிக்கப்படுவதும் இதுதான் அதிகம். பெரும்பாலான லேப் தாளில் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் வரை சாதாரணம் என்று அச்சிட்டிருக்கும். உதாரணத்துக்கு ஒருவருக்கு மூன்று மூன்று மாத இடைவெளியில் 1.8, 2.4, 3.5, 4.7 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். நான்கு தாளிலும் நட்சத்திரக் குறி இல்லை, தடித்த எழுத்து இல்லை. ஒவ்வொரு தாளையும் தனியாகப் பார்க்கிறவர் ‘நார்மல்’ என்றுதான் சொல்வார். நான்கையும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் அது ஏறிக்கொண்டே போவது கண்ணில் படும். ஒரு எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். அதனால்தான் பழைய தாளைத் தூக்கிப் போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

லேப் மாற்றவும் கூடாது. கருவிக்குக் கருவி, ரசாயனத்துக்கு ரசாயனம் எண் மாறும். நாகர்கோவிலில் ஒரு தடவை, மார்த்தாண்டத்தில் ஒரு தடவை, திருவனந்தபுரத்தில் ஒரு தடவை எடுத்தால் ஏறியதா இறங்கியதா என்று ஒப்பிட வழியில்லை. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அளவு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். கல்லீரல் நோய், கணைய அழற்சி, இரைப்பைப் புண் போன்றவையும் அதைச் சிறிது உயர்த்தும். கீமோ நடக்கும்போதும் சில சமயம் தற்காலிகமாக ஏறி இறங்கும். முடி உதிர்வுக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை லேபில் சொல்லிவிட வேண்டும். சில கருவிகளில் அது உண்மையான அளவைக் குறைத்துக் காட்டிவிடும். ஆகவே ஒருமுறை ஏறியதும் கலங்க வேண்டாம், சும்மா விட்டுவிடவும் வேண்டாம். சில வாரத்தில் அதே லேபில் மறுபடி எடுக்க வேண்டும். அப்போதும் ஏறியிருந்தால் மூன்று பகுதிக்கும் சி.டி., குடலுக்குக் கேமரா. இவற்றில் ஒன்றும் தெரியாவிட்டால்தான், உடல் முழுதும் நோயைத் தேடும் பெட் ஸ்கேன் பற்றி யோசிப்பது. இன்னொன்று: சிகிச்சைக்கு முன்பே, கட்டி இருக்கும்போதே, சி.இ.ஏ. சாதாரணமாக இருந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு நோய் திரும்பினாலும் அது ஏறாமல் இருக்கலாம். ரத்தத்தை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. முதல் சி.இ.ஏ. எண் எவ்வளவு என்பதை ஒவ்வொரு நோயாளியும் மனப்பாடமாக வைத்திருந்தால் நல்லது.

சி.டி. எடுத்தால் ரிப்போர்ட் மட்டும் போதாது, படமும் வேண்டும். நுரையீரலில் 4 மில்லிமீட்டர் புள்ளி ஒன்று தெரிந்தால், அது பழைய சளியின் தழும்பா, புதிய கட்டியா என்று அந்த ஒரு ஸ்கேனை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு முந்தைய படத்தில் அது அதே அளவில் இருந்திருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. பழைய படம் இல்லையென்றால் மூன்று மாதம் காத்திருந்து மறுபடி ஸ்கேன்; அந்த மூன்று மாதமும் வீட்டில் யாருக்கும் தூக்கமிருக்காது. ஸ்கேன் சென்டர் அனுப்பும் இணைய இணைப்பு சில நாளில் காலாவதியாகிவிடலாம். படங்கள் பதிந்த குறுந்தட்டைக் கேட்டு வாங்குங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் ஃபிலிம் ஒட்டிக்கொள்ளும், தட்டில் பூஞ்சை பிடிக்கும். வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கொலோனோஸ்கோபியில் பாதிச் சங்கடம் குடலைச் சுத்தம் செய்வதில்தான். மூன்று நாள் முன்பே கீரை, கொய்யா, மாதுளை, முழுப்பயறு, சக்கை (பலாப்பழம்), தேங்காய்த் துருவல் நிறுத்த வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரில் பசைபோல ஒட்ட வைக்கும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இன்சுலின் பற்றி மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தவோ தொடரவோ கூடாது. முந்தின நாள் கஞ்சித் தண்ணீர், தெளிந்த ரசம், கட்டன் சாயா போதும், பால் வேண்டாம். கலக்கிக் குடிக்கும் மருந்தைப் பாதி முந்தின நாள் மாலையும், மீதிப் பாதியைப் பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பும் குடிக்க வேண்டும். அதிகாலை எழும் சங்கடத்துக்காக முழுவதையும் இரவே குடித்துவிடுகிறார்கள். விடியும்போது வலப்பக்கக் குடலில் மறுபடி பித்தநீர் படிந்து சின்னச் சின்னப் பாலிப்கள் (குடலின் உள்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சிகள்) மறைந்துவிடுகின்றன. கடைசியாகப் போவது மஞ்சள் கலந்த தெளிந்த நீராக இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் போனதும் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

அறிகுறிகளில் இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்.

முதலாவது, ரத்தம். மலக்குடல் புற்றுநோய் பலருக்கு முதல்முறையே தாமதமாகத் தெரிய வந்ததற்குக் காரணம் ‘மூலம்’ என்ற சொல். சிகிச்சை முடிந்த பிறகு மறுபடி ரத்தம் கண்டாலும் அதே சொல்தான் முதலில் நாவில் வருகிறது. களிம்பும் லேகியமுமாக இரண்டு மாதம் ஓடிவிடுகிறது. கதிர்வீச்சினால் மலக்குடலின் உள்தோல் மெலிந்து ரத்தம் கசிவதும் உண்டு, அது ஆபத்தற்றதாகவும் இருக்கலாம். ஆனால் எது எது என்று கேமரா வைத்துப் பார்க்காமல் தெரியாது. பார்க்கிறவரிடம் ‘எனக்கு இந்த இடத்தில் ரேடியேஷன் கொடுத்திருக்கிறது’ என்று சொல்லியே ஆக வேண்டும். கதிர்வீச்சு பட்ட இடத்தில் தேவையின்றி பயாப்ஸிக்குச் சதையைக் கிள்ளி எடுத்தால் புண் ஆற மாதக்கணக்காகும்.

இரண்டாவது, வலி. இடுப்பின் பின்புறம், வால் எலும்பு, புட்டம், அங்கிருந்து தொடைக்கு இறங்குகிற வலி; உட்கார்ந்தால் கூடும், இரவில் கூடும். இடுப்புக்கூட்டுக்குள் நோய் திரும்பி நரம்பை அழுத்தும்போது இப்படித்தான் இருக்கும். கேட்கிறவர்களுக்கு இது வாதப் பிடிப்பு மாதிரியே இருக்கும். வர்ம வைத்தியத்துக்குப் பேர்போன மாவட்டம் இது. அந்த ஆசான்கள் மீது எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் இடுப்பில் கதிர்வீச்சு வாங்கிய ஒருவர் எண்ணெய்க்கும் தடவலுக்கும் போகும் முன் எம்.ஆர்.ஐ. எடுத்தே தீர வேண்டும். நோய் திரும்பியதா என்று அறிவது ஒரு காரணம். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது: கதிர்வீச்சுக்குப் பிறகு, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, இடுப்பெலும்பு பலவீனப்பட்டு, விழாமலே மயிரிழை முறிவு ஏற்படலாம். வலி அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும். முறிந்த எலும்பில் அழுத்தித் தடவினால் என்னாகும் என்று ஆசான்களுக்கே நன்றாகத் தெரியும். நோயாளியின் பழைய கதையைக் கேட்டுவிட்டு, ‘முதலில் ஸ்கேன் எடுத்துட்டு வாருங்க’ என்று அவர்கள் திருப்பி அனுப்பினால் அது பெரிய உதவி.

விடாத இருமல், காரணமில்லாமல் எடை குறைதல், பெண்களுக்குப் பிறப்புறுப்பில் கசிவு, நீர்த்தாரையில் தடை, தழும்பில் அல்லது அடிப்பகுதிப் புண்ணில் புதிதாகக் கட்டி: இவற்றில் எதற்கும் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

கதிர்வீச்சு, கீமோவிலேயே கட்டி முழுதாகக் கரைந்து, அறுவை செய்யாமல் கண்காணிப்பில் இருப்பவர்கள் இப்போது கூடி வருகிறார்கள். பிரேசிலின் சாவோ பாலோவில் அஞ்செலிட்டா ஹாபர்-காமா என்ற அறுவை மருத்துவர் முன்னெடுத்த முறை இது. நிரந்தர ஸ்டோமா பையிலிருந்து (வயிற்றில் வழி திறந்து மலத்தைச் சேகரிக்க ஒட்டும் பை) பலரைக் காப்பாற்றுகிறது. ஆனால் அறுவை முடிந்தவரைவிட இவருக்குத்தான் கட்டுப்பாடு அதிகம். பல நாடுகளின் நோயாளிகளைச் சேர்த்து 2018-ல் வெளியான கணக்குப்படி, நான்கில் ஒருவருக்கு இரண்டு ஆண்டுக்குள் அதே இடத்தில் கட்டி மறுபடி முளைத்தது. அப்படி முளைத்தவற்றில் 97 சதவீதம் குடல் சுவரிலேயே இருந்தது. குடல் சுவரில் என்றால் விரலுக்கும் கேமராவுக்கும் எட்டும் இடம். முதல் இரண்டு ஆண்டு, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை விரல் பரிசோதனையும் கேமராவும், ஆறு மாதத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ.யும் என்று ஒழுங்காக வந்தால், முளைத்தாலும் பெரும்பாலும் அறுவையில் எடுத்துவிட முடியும். இரண்டு தடவை வராமல் விட்டால் அந்த வாய்ப்பு நழுவும். வர முடியாது என்று முன்பே தெரிந்தால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, அறுவையே செய்துகொள்வது மேல்.

இவ்வளவு சொன்னதால் ஸ்கேன் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்வீடன், டென்மார்க், உருகுவே நாடுகளில் சுமார் 2,500 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு 6, 12, 18, 24, 36-ஆம் மாதங்களில் சி.டி.யும் சி.இ.ஏ.வும், மறுபாதிக்கு 12, 36-ஆம் மாதங்களில் மட்டும். ஐந்தாண்டு இறப்பு முதல் பிரிவில் 13 சதவீதம், இரண்டாவதில் 14.1. பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. அதே சமயம், கண்காணிப்பே இல்லாமல் விடுவது சரியென்றும் அது சொல்லவில்லை. பிரிட்டனில் 2014-ல் வெளியான ஆய்வில், அறிகுறி வந்தால் மட்டும் பார்த்த பிரிவில் குணமாக்கும் நோக்கோடு மறு அறுவை செய்ய முடிந்தது 2.3 சதவீதம் பேருக்கு. ரத்தமோ ஸ்கேனோ ஒழுங்காகப் பார்த்த பிரிவுகளில் 6 முதல் 8 சதவீதம் பேருக்கு. நகையை அடகு வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. வழக்கமான கண்காணிப்புக்கு அது பரிந்துரைக்கப்படுவதும் இல்லை. குறைந்தபட்சக் கணக்கையாவது தேதி தவறாமல் முடிப்பதே தேவை.

தேதி ஏன் தவறுகிறது என்பதற்கு இந்த மாவட்டத்தின் பிழைப்பிலேயே பதில் இருக்கிறது. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகில் போனால் கரை திரும்பப் பல வாரமாகும். வளைகுடாவில் இருப்பவருக்கு விடுப்பு ஆண்டுக்கொருமுறையோ அதைவிடத் தாமதமாகவோதான். குலசேகரம், அருமனைப் பக்கத்தில் ரப்பர் வெட்டுகிறவருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. ஆகவே பெரிய பரிசோதனைகளை வேலை ஓய்ந்த நாட்களோடு பொருத்தச் சொல்லுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் சில வாரம் முன்பின் மாற்றித் தருவார்கள். மேற்குக் கடலில் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த வருடத்துக்கான சி.டி.யும் கேமராவும் அப்போது முடியலாம். ரப்பர் இலையுதிர்த்து வெட்டு நிற்கும் வாரங்களும் அப்படியே. வெளிநாட்டில் இருப்பவர் சி.இ.ஏ.வை அங்கேயே, ஒவ்வொரு தடவையும் ஒரே லேபில் எடுத்து, எண்ணை வீட்டுக்கு அனுப்பி அட்டையில் ஏற்றச் சொல்லலாம்.

ஆக்ஸாலிபிளாட்டின் கீமோ வாங்கியவர்களுக்குக் கைகால் மரமரப்பு மருந்து நின்ற பிறகும் சில மாதம் கூடி, பிறகுதான் மெல்லக் குறையும். இது நோய் திரும்பியதன் அடையாளம் அல்ல. ஆனால் மணலில் வெறுங்காலோடு நடப்பவர் காலை ராத்திரி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், ரப்பர் கத்தி பிடிப்பவர் விரலைப் பார்க்க வேண்டும்; வெட்டுப் பட்டதே தெரியாது. மலக்குடலை எடுத்துக் குடலை இணைத்தவர்களுக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை போவதும், போய்விட்டு வந்ததும் மறுபடி போகத் தோன்றுவதும், அடக்க முடியாமல் போவதும் அறுவையின் பின்விளைவு. வெட்கப்பட்டுப் பஸ் ஏறவே பயந்து, அதனாலேயே பரிசோதனைக்கு வராமல் இருப்பவர்கள் உண்டு. இசப்கோல், உணவுக்கு அரை மணி முன் லோப்பெரமைடு, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி என்று படிப்படியாக வழி இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். தாம்பத்தியச் சிக்கல், பிறப்புறுப்பு இறுகிப்போதல் இவற்றை நோயாளி சொல்லமாட்டார். செவிலியரும் மருத்துவருமே முதலில் கேட்க வேண்டும்.

வயிற்றில் தற்காலிகமாகச் சிறுகுடல் ஸ்டோமா வைத்திருப்பவர்கள் பையைக் காலி செய்யும்போது ஒரு அளவு மக்கில் ஊற்றிப் பாருங்கள். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் உடம்பிலிருந்து உப்பு கரைந்து போகிறது என்று பொருள். வெறும் தண்ணீரையோ இளநீரையோ கூடுதலாகக் குடித்தால் சரியாகாது. இளநீரில் சோடியம் குறைவு. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைச் சரியாக ஒரு லிட்டர் நீரில் கரைத்துக் குடிப்பதோடு, அன்றே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். தாமதித்தால் சிறுநீரகம் பாதிக்கும்.

குடும்பத்தார் காதிலும் ஒன்று போட வேண்டும். நோயாளியின் உடன்பிறப்புகளும் பிள்ளைகளும் 40 வயதில், அல்லது நோயாளிக்குக் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாக, இதில் எது முந்துகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். நோயாளி 50 வயதுக்குக் கீழ் என்றால் பரம்பரைத் தன்மை உண்டா என்று பயாப்ஸிச் சதைத் துண்டைப் பதித்து லேபில் வைத்திருக்கும் மெழுகுக் கட்டியிலேயே சோதிக்கலாம். அந்த மெழுகுக் கட்டி எந்த லேபில் இருக்கிறது, அதன் எண் என்ன என்பதைக் குறித்து வைக்க வேண்டும்.

பயணச் செலவுக்கு ஒரு வழி பலருக்குத் தெரியவில்லை. ரயில்வே தரும் புற்றுநோயாளிக் கட்டணச் சலுகை சிகிச்சைக்கு மட்டுமல்ல, தொடர் பரிசோதனைக்குப் போவதற்கும் உண்டு. ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் நோயாளிக்குக் கட்டணம் முழுதும் தள்ளுபடி, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை கையெழுத்திட்டுத் தரும் படிவத்தை டிக்கெட் கவுண்டரில் கொடுக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், அந்தந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் தொடர் பரிசோதனைகளில் எவை அதில் அடங்கும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இனி எங்கள் வேண்டுகோள். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமோ, நெய்யூரோ, நெல்லையோ, சென்னையோ, எங்கே சிகிச்சை முடிந்தாலும், குமரி மாவட்ட நோயாளி கையில் தமிழில் ஒரே மாதிரியான ஒரு தொடர் கண்காணிப்பு அட்டை இருக்க வேண்டும். மாவட்ட நிர்வாகமும் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் சேர்ந்து இதை அச்சிடலாம். தாய் சேய் நல அட்டை நம் வீடுகளில் எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். முன்பக்கத்தில் நோயின் நிலை, கதிர்வீச்சு எத்தனை தடவை, எந்தக் கீமோ, அறுவையின் பெயர், சிகிச்சைக்கு முந்தைய சி.இ.ஏ. எண். உள்ளே ஐந்து ஆண்டுக்கான கட்டங்கள், சி.இ.ஏ. எண்களை வரிசையாக ஏற்ற ஒரே பத்தி. பின்பக்கத்தில் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும், அழைக்க ஒரு தொலைபேசி எண்ணும். ரத்தப் பரிசோதனையையும் சி.டி.யையும் ஊருக்கு அருகே முடித்து, முடிவைச் சிகிச்சை தந்த மருத்துவமனைக்கு அனுப்பிவைக்க ஆசாரிபள்ளத்தில் ஒரு மேசையும் ஒரு செவிலியரும் வேண்டும். தேதி தவறியவரின் வீட்டுக் கதவைத் தட்ட மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்களிடம் அந்தப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அட்டையில் அடுத்த வருகையை ‘மூன்று மாதம் கழித்து’ என்று எழுதாமல், நாள், மாதம், ஆண்டு என்று எண்ணில் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
புற்றுநோய் தொடர் கவனிப்பில் பணிபுரியும் செவிலியர்கள்,
நாகர்கோவில்.